மலைக்குள் கணவன் உள்ள பெண்

ஏஜென்சியின் எண்ணுக்கு மறுபடியும் அடித்துப் பார்த்தாள் மருமகள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கடல் கடந்து சுரங்க வேலைக்குப் போன அவள் கணவன், வீட்டின் மூத்த மகன் பெரியவன், மலை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டான் என்ற செய்தி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளூர் டிவியில் அதை ஒரே ஒரு வரியாகத் திரையின் அடியில் ஓடவிட்டார்கள். அதோடு சரி. பெரியவனை அனுப்பிவைத்த ஏஜென்சியைக் கேட்டால் காத்திருக்கச் சொன்னார்கள். கம்பெனியைக் கேட்டால் புரியாத மொழியில் ஒரு பாட்டு ஓடியது. பாட்டு முடிந்ததும் லைன் அறுந்தது.

அதனால்தான் அன்று காலை இளையவன் தன் பழைய லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எங்கே லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் முதலில் அவனுக்குத்தான் போன் வரும். அன்று போனை அணைத்துவிட்டு வந்திருந்தான்.

"அந்த ஊர்லயே ஒரு சேனல் இருக்கும்மா. நெட்ல சும்மாவே விடறாங்க, யார் வேணாலும் பாக்கலாம். சுரங்க வாசல்லயே கேமராவை நட்டுட்டாங்க. விடாம காட்டறாங்க."

"இதுலயே பாக்க வேண்டியதுதானே. டிவியை எதுக்குடா இழுக்கறே?" என்றாள் அம்மா.

"இதுல ஆளுங்க எல்லாம் எறும்பு மாதிரி தெரியறாங்க. பெரிசா பாத்தாத்தான் முகம் தெரியும்."

முகம் என்றதும் அம்மா நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

டிவியைச் சுவரிலிருந்து திருப்பியபோது பின்னால் படிந்திருந்த தூசி இளையவன் மூக்கில் ஏறியது. மடியில் கீல் உடைந்த லேப்டாப். அதன் மூடி நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தான். வயரின் ஒரு முனையை லேப்டாப்பில் சொருகி, மறுமுனையை டிவியின் முதுகில் துழாவிச் சொருகினான். திரை நீலமாக இருந்தது. ‘சிக்னல் இல்லை’ என்றது.

ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனான். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அவனுடைய பைக் டிவி முழுக்க வந்து நின்றது.

"உன் வண்டியைப் பாக்கவா என்னை உக்கார வச்சே?"

"அது லேப்டாப்ல நான் வச்சிருக்கிற படம்மா. இதுல என்ன இருக்கோ அது அப்படியே டிவில தெரியும். வயர் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சேனலைத் திறந்தான். படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது அது லேப்டாப்பின் ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் வந்தது. அதையும் எங்கேயோ தட்டி மாற்றினான். உடனே டிவி அலறியது. ஒரு பெண் மெத்தையில் விழுந்து புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விளம்பரம்," என்றான் இளையவன், ஏதோ அவனே எடுத்த விளம்பரம்போலத் தலையைக் குனிந்துகொண்டு.

பிறகு மலை வந்தது.

நனைந்து கறுத்த மலை. அடியில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் பாறையும் சேறும். ராட்சத இயந்திரம் ஒன்று மண்ணை அள்ளிப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் போட்டவர்கள் ஓடினார்கள், நின்றார்கள், மறுபடி ஓடினார்கள். குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் போர்வை போர்த்திய சனங்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே பொழுது சாயப்போகிற நேரம்.

ஒரு குரல் நிறுத்தாமல் பேசியது. ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை.

மருமகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குமா கடைக்குப் போறே?" என்றாள் மாமியார்.

"இங்க உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும், அத்தை."

"அண்ணி, ஏதாவது தெரிஞ்சா உடனே கூப்பிடறேன்," என்றான் இளையவன். "லிஃப்ட்ல மாட்டினவங்களை நான் தினமும் வெளிய எடுக்கிறேன். உள்ள இருக்கிறவங்க நம்ம நினைக்கிறதைவிடத் தைரியமா இருப்பாங்க. கதவைத் திறந்ததும் முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? தண்ணிகூடக் கேக்க மாட்டாங்க. மணி என்னன்னு கேப்பாங்க."

அவள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். திரையைப் பார்க்கவில்லை.

*

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைப் பரிசோதித்து முன்னால் எழுதிக்கொடுப்பவர் வேறு; பின்னால் உட்கார்ந்து லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிறவள் இவள். பெரியவன் போட்டிருக்கும் கண்ணாடியும் அவள் பொருத்தியதுதான். போன தடவை விடுமுறையில் வந்தபோது அவன் காதுக்குப் பின்னால் சட்டம் உறுத்துகிறது என்றான். அவள் சூடு காட்டி வளைத்துக் கொடுத்தாள். அப்போதும் அவன், இந்த வேலை முடிந்ததும் வந்துவிடுகிறேன், இனி எங்கேயும் போக மாட்டேன் என்றுதான் சொன்னான். அந்த வேலை முடிந்து அடுத்த வேலை வந்தது.

குழந்தைக்காக இருவரும் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளைப் பற்றி இப்போதெல்லாம் யாரும் பேசுவதில்லை. அவன் வெளிநாடு போனதே அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை.

கடையில் வாடிக்கையாளர் கூட்டம் அடங்கியதும் ஏஜென்சிக்கு அடித்தாள். ஆச்சரியமாக, ஒரு பெண் எடுத்தாள்.

மருமகள் பெரியவனின் பெயரையும் ஊரையும் சொன்னாள்.

"ஆமாங்க, இன்னும் வெளிய எடுக்கலை. வேலை நடந்துட்டிருக்கு."

"எங்களுக்கு யாருமே ஒண்ணும் சொல்லலையே. கம்பெனில இருந்து ஒரு போன்கூட இல்லை."

"இல்லைங்களே... வீட்டுக்காரம்மாகிட்ட நேர்லயே சொல்லிட்டோம்னு கம்பெனி சொல்றாங்களே. முதல் நாள்லயே பாத்துப் பேசிட்டாங்களாம். அவங்க அங்கதானே இருக்காங்க? சைட்லயே நிக்கறாங்களாம்." அந்தப் பெண்ணின் குரலில் எந்தக் கள்ளமும் இல்லை. "நீங்க யாருங்க பேசறது? தங்கச்சியா?"

மருமகள் கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தாள்.

"நான்தான் அவர் வீட்டுக்காரி," என்றாள்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். அதுவும் நின்றது.

"கொஞ்சம் லைன்ல இருங்க மேடம்."

லைன் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை.

ஆள் மாறாட்டம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதே பெயரில் இன்னொருத்தர் இருப்பார். ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைக்கே ஒரே பெயரில் எத்தனை பேர் வருகிறார்கள். இயந்திரத்தை ஓட்டி லென்ஸை வைத்தாள். ஓரம் தெறித்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் தெறித்தது.

கடை முதலாளியம்மா எட்டிப் பார்த்தாள். உடைந்ததைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீ கிளம்பு," என்றாள். "நாளைக்கும் வராதே. நான் பாத்துக்கறேன்."

*

வீட்டில் அதற்குள் நடந்தது இது.

மைக் பிடித்த பெண் ஒருத்தி கயிற்றை ஒட்டியே நடந்து வந்தாள். காத்திருக்கிறவர்களின் முகங்களைக் கேமரா ஒவ்வொன்றாகக் காட்டியது. ஒரு கிழவர். கைகோத்து நின்ற இரண்டு ஆண்கள். மழைக்கோட்டுக்கு அடியில் சமையல்காரர்களின் வெள்ளை ஏப்ரன் தெரிய நின்ற ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கலாம். இன்னொரு கையால் ஒரு பெரிய போட்டோவை மார்போடு அணைத்திருந்தாள். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது.

"நிறுத்து!" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"நிறுத்துடா அதை! அப்படியே நிறுத்து!"

இளையவன் லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினான். நாடு கடந்து ஓடிக்கொண்டிருந்த அந்த மழை, தூறல் தூறலாக நடுவானில் நின்றது.

பிளாஸ்டிக்கின் பளபளப்புக்குள் பெரியவன் சிரித்துக்கொண்டிருந்தான்.



"கம்பெனி ஆளா இருக்கும்மா," என்றான் இளையவன். "சொந்தக்காரங்க வர முடியாதவங்களுக்கு அவங்களே போட்டோ குடுத்து யாரையாவது நிக்கச் சொல்லியிருப்பாங்க." சொல்லும்போதே அவனுக்குத் தன் பேச்சு கேவலமாக இருந்தது.

"அடியில என்னமோ எழுதியிருக்கே. அது என்ன?"

"அந்த ஊர் எழுத்தும்மா."

"உன் போன்ல காட்டினா மொழி மாத்திச் சொல்லும்னு அன்னைக்குச் சொன்னியே."

அவனுக்கு அதைச் செய்ய மனமில்லை. அம்மா விடவில்லை. போனைத் திரைக்கு நேராகப் பிடித்தான். கோணல்மாணலான அந்த எழுத்துகள் நடுங்கி, கலைந்து, தமிழாகின. இயந்திரத்தின் தமிழ்.

"படி."

"அம்மா..."

"எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. படிடா."

"‘மலைக்குள் கணவன் உள்ள பெண்’னு போட்டிருக்கு."

அம்மா எழுந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலமெல்லாம் ஈரத்துணி தூக்கியவள்; முட்டி பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பிடித்து நிமிர்ந்து, டிவியின் கிட்டே போய் நின்றாள். அவள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தில் விரலை வைத்தாள்.

"மூக்கைப் பாரு," என்றாள். "சின்னதுல அவனுக்கு அப்படியே இதேதான்."

"அம்மா, பேசாம இரு. ஒரு குழந்தை மூக்கைப் பாத்து என்னத்தைச் சொல்றது? எல்லாக் குழந்தைக்கும் மூக்கு அப்படித்தான் இருக்கும்."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அண்ணி காதுல விழுந்தா என்ன ஆகும், யோசிச்சியா? இன்னைக்கு நாள் முழுக்க நெட் இல்லைன்னு சொல்லிடுவோம். முதல்ல அண்ணன் வெளிய வரட்டும்."

அம்மா விரலை எடுக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சாவி பூட்டுக்குள் திரும்பியது. இளையவன் பாய்ந்து வயரை உருவினான்.

*

"நெட் போயிடுச்சு அண்ணி," என்றான், அவள் கேட்கும் முன்பே.

டிவி நீலமாக நின்றது. மாமியார் அதன் எதிரில், தப்பு செய்துவிட்டு நிற்கிறவளைப்போல் நின்றாள். வயர் தரையில் சுருண்டு கிடந்தது.

மருமகள் பையை இறக்கி வைத்தாள்.

"நெட் போனா வயரை எதுக்கு உருவினே?"

"அது... கழட்டி மாட்டினா சில சமயம் வரும்னு..."

"தள்ளு."

"வேண்டாம் அண்ணி. சொன்னாக் கேளுங்க."

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வயரை எடுத்தாள். நாளெல்லாம் குண்டூசித் தலை அளவு திருகாணிகளை மாட்டுகிறவளுக்கு அது ஒரு வேலையா? ஒரே தடவையில் சொருகினாள்.

நிறுத்திவைத்த இடத்திலேயே அந்தப் பெண் நின்றிருந்தாள். குழந்தையோடு, போட்டோவோடு.

மருமகள் மண்டியிட்டபடியே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று இளையவன் காத்திருந்தான். அவள் அழவில்லை.

"இது நம்ம மொட்டைமாடில எடுத்த போட்டோ," என்றாள். "துணி காயப்போடப் போனப்ப நீதான் எடுத்தே, ஞாபகம் இருக்கா? அந்த ஓரத்துல ஊதாவா தெரியுதே, அது என் தோள். என்னை வெட்டிட்டாங்க."

இளையவன் அப்போதுதான் அந்த ஊதாவைக் கவனித்தான்.

"அடியில என்ன எழுதியிருக்கு?"

மேசைமேல் அவன் போன் இன்னும் வெளிச்சமாகக் கிடந்தது. அவளே எடுத்துப் படித்தாள்.

மலைக்குள் கணவன் உள்ள பெண்.

"என்னையும் இப்படித்தான் போடுவாங்க," என்றாள். போனை மெதுவாகக் கீழே வைத்தாள். "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"என் பிள்ளை மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா."

"உனக்கு?"

இளையவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒரு தடவை அவன்கிட்ட பேசிட்டிருந்தப்ப பின்னாடி ஒரு குழந்தை அழற சத்தம் கேட்டுச்சு. கேட்டேன். பக்கத்து ரூம்னு சொன்னான். நம்பிட்டேன் அண்ணி. நான் வேற என்னத்தை நினைப்பேன்?"

"என்கிட்ட பேசும்போது வெளிய நின்னு பேசுவாரு," என்றாள் மருமகள். "காத்து சத்தமா இருக்கும். உள்ள போய்ப் பேசுங்களேன், ஒண்ணும் கேக்கலைன்னு நான் சண்டை போடுவேன்."

"இந்த நேரத்துல அதையெல்லாம் நினைச்சு மனசைக் கெடுத்துக்காதம்மா," என்றாள் மாமியார். "முதல்ல அவன் உசுரோட வெளிய வரட்டும்."

"வரட்டும் அத்தை. நானும் அதைத்தான் வேண்டிக்கிறேன். வந்து எந்த வீட்டுக்குப் போவாரு?"

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மருமகள் எழுந்து நின்றாள். திரையில் இருந்த மழை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவள் திடீரென்று கேட்டாள்: "இது இப்ப நடக்கறதா?"

இளையவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்தது. நிறுத்திய நேரத்திலிருந்து அங்கே என்ன நடந்ததோ, யாருக்குத் தெரியும்?

விழுந்துகிடந்த லேப்டாப் மூடியை நிமிர்த்தி, ‘நேரலை’ என்ற சிவப்புப் புள்ளியை அமுக்கினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"சீக்கிரம்டா," என்றாள் அம்மா.

படம் குதித்து வந்தது.

அங்கே இருட்டியிருந்தது. எங்கே பார்த்தாலும் பளீரென்ற விளக்குகள். இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. பாறைக்கு நடுவே ஒரு துவாரம். அதிலிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டிருந்தது. அதில் கிடந்தவன் கையைத் தூக்கினான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் மைக் கிறீச்சிட்டது.

"எடுத்துட்டாங்க! எடுத்துட்டாங்க அண்ணி!"

மூவரும் டிவியின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஆள் பெரியவன் இல்லை, மிகவும் குள்ளம். அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்தது. அதிலும் அசைவு. கைகோத்து நின்ற ஆண்களில் ஒருவன் கயிற்றைத் தாண்டி ஓடினான். அதுவும் பெரியவன் இல்லை.

"வருவான்," என்றாள் மாமியார். எப்போது மருமகளின் கையைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மருமகளும் உதறவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அப்புறம் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அதைத் தூக்கி வந்தவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள்.

மாமியாரின் பிடி இறுகியது. போர்வை எதுவரைக்கும் இழுத்து மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு ஒருவர் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ போர்வைகளைத் துவைத்தவள். ஆனால் யார் என்று அது சொல்லவில்லை.

ஹெல்மெட் போட்ட ஓர் அதிகாரி கயிற்றை நோக்கி வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கிழவரின் எதிரில் தயங்கினார். கிழவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அதிகாரி அவரைக் கடந்தார்.

ஏப்ரன் போட்டவள் குழந்தையை இறக்கிவிட்டு நின்றிருந்தாள்.

"அவகிட்ட போகாதே," என்றாள் மருமகள்.

அவள் அதைச் சத்தமாகச் சொன்னாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அவள் வாயில் வந்த வேண்டுதல் அது ஒன்றுதான். "போயிடு. தாண்டிப் போயிடு. அவகிட்ட போகாதே."

அதிகாரி அந்தப் பெண்ணின் எதிரில் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். வேகவேகமாகப் பேசினாள். போட்டோவைக் காட்டினாள், பிளாஸ்டிக்கின் மேலிருந்த நீரை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, நன்றாகப் பாருங்கள், நீங்கள் சொல்கிற ஆள் வேறு, இவரில்லை என்று விளக்குகிறவள்போல அவர் கையில் திணித்தாள். அவர் போட்டோவைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு அதைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையை மேலும் கீழும் அசைத்தார்.

அந்தப் பெண் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படித்தான் மருமகளுக்குத் தெரிந்தது. எந்தப் போனும் வரவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. வேறு ஒருத்தி உட்கார்ந்ததைப் பார்த்துத் தன் புருஷன் இனி இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

இளையவன் சுவரில் சாய்ந்து சரிந்தான். "டேய் அண்ணா," என்றான். பிறகு வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டான்.

திரையில் குழந்தை தனியாக நின்றது. பெரியவர்களின் கால்களுக்கு நடுவே, மழையில், யாரிடம் போவது என்று தெரியாமல்.

"அந்தப் பிள்ளையைப் பிடிங்களேன்!" மாமியார் டிவியைப் பார்த்து அலறினாள். "யாராவது பிடிங்களேன்! நனையுதே! கண்ணு தெரியலையா உங்களுக்கெல்லாம்?"

பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முதல் ஓலம் அதுவாக இருந்தது. மருமகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

*

மாலை வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் நீண்டு கிடந்தபோது ஏஜென்சி மேனேஜரே கூப்பிட்டார். அதற்குள் டிவியை யாரோ அணைத்திருந்தார்கள். இளையவன் உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்வதற்காக மொட்டைமாடிக்குப் போயிருந்தான். மாமியார் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மருமகள் அடுப்படியில், காலையில் ஊற்றி யாரும் குடிக்காத டீயைக் கொட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மனசைத் திடப்படுத்திக்கங்கம்மா," என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"பாத்துட்டேன்."

"என்னது?"

"டிவில பாத்துட்டேன். விஷயத்தைச் சொல்லுங்க."

அவர் தயாராக வைத்திருந்த பேச்சு அதோடு தீர்ந்துபோனது.

"உடலை எங்க அனுப்பறதுன்னு கம்பெனி கேக்கறாங்க. அங்க இருக்கிற அந்த... அந்தம்மா, அங்கயே அடக்கம் பண்ணணும்னு நிக்கறாங்களாம். நீங்கதான் சட்டப்படி மனைவின்னு நான் சொல்லிட்டேன். அதனால முடிவு உங்களுது. இங்க கொண்டுவரணும்னா கொண்டுவந்துடலாம். ஆனா இப்பவே சொல்லணும்."

கட்டில் கிறீச்சிட்டது. மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"இங்கதான் வரணும்," என்றாள். "என் பிள்ளை இங்கதான் வரணும். சொல்லு." பிறகு குரல் இறங்கியது. "அந்தக் குழந்தையும் கூட வர முடியுமான்னு கேளும்மா. உன் கால்ல வேணா விழறேன். கேளு."

மருமகள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்தாள். இந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து ஒரு குழந்தைக்காக அத்தை தன்னிடம் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசியதில்லை என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அது அவளை இன்னும் கொன்றது.

"மேடம், இருக்கீங்களா?" என்றார் மேனேஜர். "இன்னொரு விஷயம். சொல்லலாமான்னு தெரியலை. அந்தம்மா உங்ககிட்ட பேசணும்னு கேட்டுட்டே இருக்காங்களாம். உங்களைப் பத்தி அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். கம்பெனி ஆபீஸ்லதான் உக்கார வச்சிருக்காங்க, இன்னொரு லைன்ல இருக்காங்க. மொழிபெயர்க்க ஆளும் இருக்கு. வேண்டாம்னா விட்டுடலாம். உங்க இஷ்டம்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை மூடினாள்.

"குடுங்க," என்றாள்.

ஒரு சொடுக்கு. பிறகு வெகுதூரத்தின் இரைச்சல். அதற்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள். மொழிபெயர்ப்பவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண் அவரை நடுவில் தடுத்தாள்.

"அக்கா," என்றாள்.

தமிழில்தான் சொன்னாள். நாக்குக்குப் பழகாத சொல்லைப் பலநாள் சொல்லிப் பார்த்துச் சரியாக்கிக்கொண்டவளின் தமிழ். அதைச் சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் ஒரே ஒருவன்தான் இருந்திருப்பான்.

மருமகள் ஈரக்கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். போனைக் காதிலிருந்து இறக்கி, அதை ஒரு கணம் பார்த்தாள். மாமியார் கட்டிலின் ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபடியும் காதில் வைத்தாள்.

"சொல்லு," என்றாள்.